வெடிக்கு முன் ஊதும் சங்கு

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன செய்திக்கு, ஒரு அம்மா சொல்லவேண்டிய எதையும் நான் சொல்லவில்லை. "அரியலூர்லயே போஸ்டிங்மா. பெரம்பலூர்லேர்ந்து ஒரு மணி நேரம். இனிமே தெனம் வீட்டுச் சாப்பாடு" என்று துள்ளிக்கொண்டிருந்தாய். எந்தப் பிரிவு என்று கேட்டேன். "பிளாஸ்டிங். பாறைக்கு வெடி வைக்கிற செக்‌ஷன். புதுசா வர்றவங்களுக்கு அதக் குடுக்கிறது பெரிய விஷயம்மா" என்றாய். "சரி, அப்பாகிட்ட குடுக்கிறேன்" என்று போனைக் கொடுத்துவிட்டுப் போய் அடுப்பைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து, "புள்ள கொரலே வாடிப் போச்சு. என்னாச்சு ஒனக்கு?" என்றார். எனக்கு என்ன ஆச்சு என்று சொல்ல இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேலைக்குப் போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுரங்கப் பொறியியல்தான் படிப்பேன் என்று பிளஸ் டூ முடித்து நீ ஒற்றைக்காலில் நின்றபோது, உன் அப்பாவைச் சம்மதிக்க வைத்தவளே நான்தான். சிமென்ட் இல்லாமல் நாம் குடியிருக்கும் வீடு இல்லை, அது எனக்கும் தெரியும். எனக்கு இப்போது இருப்பது வருத்தம்கூட இல்லை, எரிச்சல். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த எரிச்சல். அதில் உன் பங்கு ரொம்பக் கொஞ்சம். மற்றதெல்லாம் யார் யாருக்கோ போய்ச் சேரவேண்டியது. அவர்களில் யாரும் நான் எழுதினால் படிக்கமாட்டார்கள். நீ படிப்பாய். அதனால் உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு எப்போதுமே அரைகுறையாகத்தான் தெரியும். ஆறாவது படிக்கும்போது ஒருவன் உன்னைப் "பைத்தியக்கார டாக்டர் மவன்" என்று கூப்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து எல்லோரிடமும் "எங்கம்மா ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் திருத்தவில்லை. ஊரே தப்பாகச் சொல்லும்போது ஒரு பிள்ளையை மட்டும் திருத்தி என்ன ஆகப்போகிறது? நாம் இங்கே வந்தது, பெரம்பலூர் தனி மாவட்டமாகி, புதிது புதிதாக ஆபீஸ்கள் வந்துகொண்டிருந்த சமயம். அப்பாவுக்கு மின்வாரியத்தில் இங்கே மாற்றல் வந்ததால், திருச்சியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நர்ஸிங் ஹோமில், ஊசி போடும் அறைக்கும் கக்கூஸுக்கும் நடுவில் எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். போர்டு எழுத வந்த பெயின்டரிடம் "மருத்துவ உளவியல் நிபுணர்" என்று எழுதிக் கொடுத்தேன். இடம் பத்தவில்லை என்று அவர் நடுவில் இருந்த வார்த்தையை விட்டுவிட்டு "மருத்துவ நிபுணர்" என்று எழுதிவிட்டுப் போனார். முதல் மாதம் முழுக்க மூட்டுவலிக்காரர்களாக வந்தார்கள்.

அப்புறம் எனக்கு வரவேண்டியவர்கள் வர ஆரம்பித்தார்கள். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று வருவார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் திருச்சியில் எடுத்த இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் இருக்கும். எல்லாமே நார்மலாக இருக்கும். நான் கேட்டு, பேசி, விளக்கி முடித்து எழுந்தால் "ஊசி போடலையா டாக்டரம்மா?" என்பார்கள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றால், "அப்ப சும்மா பேசறதுக்கா இவ்வளவு நேரம் ஒக்கார வச்சீங்க?" என்பார்கள். குணமானவர்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என்னைத் தெரியும் என்று காட்டிக்கொண்டால், எதற்குத் தெரியும் என்ற கேள்வி வருமே. அதனால் நானாக யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். "ஏம்மா கல்யாண வீட்ல இப்படி உர்ருன்னு ஒக்காந்திருக்க?" என்று நீ எத்தனை தரம் கேட்டிருக்கிறாய்! அது கர்வம் இல்லை, தொழில் மரியாதை. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் போன வாரம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவராக இருப்பார்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் வளைகுடாவில் வெகுநாள் இருந்தவர். அங்கே ஒரு கட்டடத்தில் கரண்ட் போய், லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டு, செத்தோம் என்றே நினைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு பஸ்ஸில் ஏற முடியவில்லை. கண்டக்டர் கதவைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும், கத்தி இறங்கிவிடுவார். சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போக முடியாமல் கடை படுத்துவிட்டது. என் வைத்தியத்தில் மாயம் ஒன்றும் கிடையாது. பயம் வந்தால் ஓடுகிறோம். ஓடினதும் நிம்மதியாகிவிடுவதால், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக ஓடுகிறோம். ஓடாமல் அங்கேயே நின்றால் பயம் ஏறி, ஏறி, அப்புறம் தானாகவே இறங்கும். ஒன்றும் நடக்கவில்லை என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அதைப் படிப்படியாகக் கற்றுக் கொடுப்பதுதான் என் வேலை. முதலில் ஸ்டாண்டில் சும்மா நிற்கும் பஸ்ஸில் அவரை உட்கார வைத்தேன். அப்புறம் பக்கத்து ஊர் வரைக்கும் போனோம். கடைசியில் ஜன்னலோரம் இல்லாத சீட்டில் திருச்சி வரைக்கும் அவர் போனார். நான் பின் சீட்டில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "அல்ஹம்துலில்லாஹ். நீங்க மருந்தே குடுக்கலியே, எப்படிம்மா போச்சு இது?" என்று சின்னப் பையன் மாதிரிக் கேட்டார். அவர் மகள் நிக்காஹுக்கு நமக்குப் பத்திரிகை வரவில்லை. மறுநாள் ஒரு தூக்குவாளியில் பிரியாணி மட்டும் வந்தது. நீ வழித்துச் சாப்பிட்டுவிட்டு "யாரும்மா குடுத்தது?" என்றாய். "தெரிஞ்சவங்க" என்றேன்.

என் வைத்தியம் பலிக்கும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆபத்து முடிந்துபோயிருக்க வேண்டும். மிச்சமிருப்பது பயமாக மட்டும் இருக்க வேண்டும். பஸ் அந்த மனிதரைக் கொல்லப் போவதில்லை. நம் ஊர் பஸ்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதுதான், இருந்தாலும் சொல்லலாம். ஆபத்து முடியவே இல்லை என்றால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் அரியலூருக்குப் போவது உனக்குத் தெரியும். அங்கே ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார். அங்கேதான் அவளைப் பார்த்தேன். கொளஞ்சி என்று வைத்துக்கொள். பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன், ஊரைச் சொல்லப்போவதில்லை. நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு உன்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கூட்டிக்கொண்டு வந்த புருஷன் மணிவேல், சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன். நான் பேசப் பேச அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா பார்க்கிறாய் என்றேன். "இது கல்லு தாங்குமாங்க?" என்றாள். அது கான்கிரீட் கூரை.

மணிவேல்தான் விஷயத்தைச் சொன்னான். குவாரிக்குப் பக்கத்திலேயே அவர்கள் ஊர். மத்தியானம் எச்சரிக்கைச் சங்கு ஊதும், கொஞ்ச நேரத்தில் வெடி வெடிக்கும், தரை ஒரு உலுக்கு உலுக்கும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகின சத்தம் என்பதால் யாரும் தலையைக்கூடத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒருநாள் வெடித்த வெடியில் தேங்காய் அளவு கல் ஒன்று பறந்து வந்து, இவர்கள் வீட்டு ஓட்டைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்திருக்கிறது. இந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த இவள், அந்தப் பக்கம் தூளியில் குழந்தை. நடுவில் தரை பெயர்ந்து கல் கிடக்கிறது. தூளி தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. "ஒண்ணும் ஆவலைங்க டாக்டரம்மா. புள்ள மேல ஒரு கீறல் இல்ல. கொலசாமிதான் காப்பாத்துச்சுன்னு பொங்க வச்சிட்டு எல்லாரும் வேலையப் பாக்கப் போயிட்டோம். இவதான் இன்னும் அங்கியே நிக்கிறா" என்றான். குவாரியிலிருந்து ஜீப்பில் ஆள் வந்து, புது ஓடு போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அப்போதுதான் கொளஞ்சி வாயைத் திறந்தாள். "அந்தக் கல்லு கெடக்கட்டும்னேன். யாரும் கேக்கல. அது இருந்தா நான் பொய் சொல்லலன்னு தெரியும்ல" என்றாள்.

அதற்கப்புறம் சங்கு ஊதினால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எங்கே என்று இல்லை, எங்காவது. பஸ் ஹாரன் அடித்தாலும் ஓடினாள், கோயில் மைக் கீச்சிட்டாலும் ஓடினாள். குழந்தையை வீட்டுக்குள் தூங்க விடுவதில்லை. வயல் நடுவில் சேலையை விரித்து, அதன் மேல் குனிந்து உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குத் தூக்கம் போனது, தாய்ப்பாலும் வற்றிவிட்டது. பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாக வேப்பிலை அடித்தார்கள். ஒருநாள் சங்குச் சத்தத்துக்கு ஓடியவள் தார் ரோட்டில் போய் ஒரு டிப்பர் முன்னால் விழப்பார்த்தாள். ஓட்டிவந்தவன் மணிவேலின் கூட்டாளி என்பதால் அவள் யாரென்று தெரிந்து தகவல் சொன்னான். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.

நான் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். இதற்குத்தானே படித்தேன்! அன்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். முதலில் தூளி என்ற வார்த்தையைச் சொல்ல முடியாமல் அவளுக்கு வாந்தி வந்தது. வாரங்கள் போகப் போக, அழாமல் முழுசாகச் சொன்னாள். அடுத்தது சங்கு. அதைப் பதிவு செய்ய உன் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். வேறு கேசட் கையில் இல்லை என்று உன் பாட்டு கேசட்டின் மேலேயே பதிவு செய்துவிட்டேன். நீ சாயங்காலம் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் ஊ என்று சங்கு ஊதியது. இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் கிளினிக்கில் மெதுவாக வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி, ஒருநாள் முழுச் சத்தத்தில் வைத்தேன். கொளஞ்சி மடியில் குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். சங்கு முடிந்த இடத்தில் உன் பழைய பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது. அவள் சிரித்துவிட்டாள். அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு படி. அவள் வீட்டுக்குள், நிஜச் சங்குக்கு, நிஜ வெடிக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பது. நான் கூட இருக்கிறேன் என்று சொல்லிப் போனேன். வீட்டில் தரையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். குழந்தை தூளியில். சங்கு ஊதியது. அவள் எழுந்திருக்கவில்லை. "ஏறுது, ஆனா இருக்கேம்மா, இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெடி வெடித்தது. உனக்கு அது பொத்தானை அழுத்தியதும் வரும் சத்தமாக இருக்கும், கதிர். அந்த ஓட்டு வீட்டுக்குள் அது சத்தமே இல்லை. தரை உன்னை ஒருமுறை தூக்கிப் போடும். ஓடுகள் பல்லைக் கடிக்கும். மேலேயிருந்து மண் உதிர்ந்து என் தலையில் விழுந்தது. ஓட வேண்டும் என்று தோன்றியது எனக்குத்தான். கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் என்னைப் பார்த்து, "ஒக்காந்துட்டேன் பாத்தீங்களா!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் வாசலுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு வாசலில், கோழிகள் மேய்கிற இடத்தில், என் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு கல் கிடந்தது. புதிதாக உடைந்த வெள்ளை முகம். நாங்கள் உள்ளே போகும்போது அது அங்கே இல்லை.

கொளஞ்சி அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஏம்மா, நான் பயப்படாம இருக்கக் கத்துக்கிட்டேன். கல்லு வராம இருக்க யாரு கத்துக்குவா?"

அந்தக் கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராகக் குவாரி ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயது, ரொம்ப மரியாதையானவர். "உக்காருங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்றார். சங்கு ஊதுகிறோம், சிவப்புக் கொடி கட்டுகிறோம், எல்லாம் ரூல்ஸ்படிதான் என்றார். கல்லை மேஜையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க கல்லுதான்னு எப்படி மேடம் சொல்றீங்க? இந்த ஏரியா பூரா பூமிக்குள்ள இதே கல்லுதான்" என்றார். பூமிக்குள் இருக்கும் கல் வானத்திலிருந்து எப்படி விழுந்தது என்றேன். அவர் சிரித்தார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "மேடம், நீங்க பயத்துக்குத்தான டாக்டர்? ஊருக்குள்ள ஒரு கேம்ப் போடுங்களேன். பேனர், வண்டி, சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஜனங்களுக்குத் தைரியம் சொல்லுங்க. கல்லு எடுக்கிறது எங்க வேல, பயத்த எடுக்கிறது உங்க வேல" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, மனசார உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். கெட்டவர் ஒருவரோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் இருந்திருக்காது. அவர் உன்னைப் போல நன்றாகப் படித்த, நல்ல வீட்டுப் பிள்ளை.

கல் வந்து விழுவதைப் பற்றி அரசுக்கு மனு கொடுக்கலாமா என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் கேட்டேன். "குடுங்க" என்று முதலில் சொன்னது கொளஞ்சிதான். மணிவேல் அவளைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றான். நான் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போய் அந்த மனுவோடு என் அறிக்கையையும் வைத்தேன். இந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது, ஏன் தூக்கம் போனது, ஏன் அந்த ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் இது நேரலாம் என்று பொறுமையாக எழுதியிருந்தேன். அங்கே இருந்தவர், "நீங்க எம்.பி.பி.எஸ்ஸா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இத மெடிக்கல் சர்டிபிகேட்டுன்னு எப்படிங்க எடுத்துக்கறது? ஃபாரத்துல காயம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. காயம் எங்க?" என்றார். காயம் எங்கே என்று காட்டுவதற்காகத்தானே ஒரு வாழ்நாள் படித்தேன்! அவருக்கு என்னால் காட்ட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மணிவேல் மட்டும் வந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான். "கோச்சுக்காதீங்க டாக்டரம்மா. எனக்கு ட்ரிப்பு குடுக்கிறத நிறுத்திட்டாங்க. ஒம் பொண்டாட்டி பேர்ல மனு போயிருக்காமேன்னு கேக்குறாங்க. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டேன். இனிமே அவள இங்க கூட்டியாற முடியாதுங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றான். அவனை என்ன சொல்வது? அந்த வண்டியில் கல் ஏற்றினால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். கொளஞ்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "புள்ளையத் தூக்கிட்டு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றான். அவள் அம்மா வீடு கொள்ளிடக்கரைப் பக்கம்.

சென்னையில் என் தொழில்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் அக்கறையாகக் கேட்டார்கள். முடிவில் ஒரு மூத்தவர், நோயாளி இடத்தை விட்டே போனது பயத்திலிருந்து தப்பி ஓடுவதுதானே, சிகிச்சை முழுமை பெறவில்லை என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எங்கள் பாடத்தின்படி அவர் சொன்னது சரி. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கல் விழும் இடத்திலிருந்து நகர்ந்து நிற்பதற்கு எங்கள் படிப்பில் ஒரு நல்ல பெயர்கூட இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, நர்ஸிங் ஹோம் நர்ஸ் ஒருத்தி வேண்டுதல் என்று கூப்பிட்டதால் அவளோடு ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் போனேன். கோயில் வாசலில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் "டாக்டரம்மா! டாக்டரம்மா!" என்று ஒரு குரல். பெரம்பலூரிலோ அரியலூரிலோ என்னைப் பொது இடத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டவர் யாரும் இல்லை, அதனால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருந்தேன். ஓடி வந்து கையைப் பிடித்தாள் கொளஞ்சி. கூடையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்களிடம் "இவங்கதான் எனக்கு வைத்தியம் பாத்த டாக்டரம்மா" என்று கூச்சமே இல்லாமல் சொன்னாள். குழந்தை வளர்ந்து, கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே திருவிழா வேட்டு ஒன்று வெடித்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒரே ஒரு தரம் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடலையைப் பொட்டலம் கட்டினாள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "தெரியலம்மா. இங்க அதுக்கு வேல இல்ல" என்றாள். மணிவேல்? "அவரு அங்கதான். பொழப்பு அங்கதான இருக்கு. வாரத்துக்கு ஒருக்கா வர்றாரு. வர்றப்பல்லாம் இந்தப் புள்ள வேத்தாளப் பாக்குற மாதிரி என் பின்னாடி போயி நிக்கும். அவரு மொகத்தப் பாக்கவே எனக்குச் சங்கடமா இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குப் பொட்டலத்தைக் கொடுத்தபோது மட்டும் சிரிப்பு இல்லை.

இப்போது சொல், நான் அவளைக் குணப்படுத்தினேனா? என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் என் எரிச்சல். இன்றைக்கும் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். தூக்கம் வராத பெண்கள், படுக்கையை நனைக்கும் பிள்ளைகள், சத்தம் கேட்டால் கை உதறுகிற ஆண்கள். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகச் செய்கிறார்கள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள், அங்கே சங்கு ஊதுகிறது. அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சங்குக்குப் பின்னால் நீ நிற்பாய். சனிக்கிழமை காலையில் ஒரே சட்டியில் செய்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் நாம் இருவரும் அரியலூருக்குக் கிளம்புவோம். நீ வெடி வைப்பாய், நான் மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்திருந்தபோது எனக்குத் தெரிந்த காட்சி இதுதான். அதனால்தான் போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

உன்னை நான் பயமுறுத்தவில்லை. உன் வேலையைக் கவனமாகச் செய்வாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே அளந்து அளந்து செய்கிறவன் நீ. ஆனால் அந்த ஆபீஸில் உனக்குச் சில வார்த்தைகளைப் பழக்கிவிடுவார்கள். "ஜனங்க சும்மா பயப்படுதுங்க" என்பது அதில் ஒன்று. அதை மட்டும் வாயில் வாங்கிக்கொள்ளாதே. யாராவது பயமாக இருக்கிறது என்று உன்னிடம் வந்து சொன்னால், அவரைச் சமாதானப்படுத்துவதற்கு முன்னால் அந்த பயம் சரிதானா என்று போய்ப் பார். நான் இத்தனை காலம் படித்ததிலும் பார்த்ததிலும் உனக்குக் கொடுக்க எனக்கு இருப்பது அவ்வளவுதான். என் தொழிலில் அதைச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. கல்லை மேஜையில் வைக்கத்தான் என்னால் முடிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நீ உட்காரப்போகிறாய். எவ்வளவு வெடிமருந்து போடுவது, எவ்வளவு ஆழம் துளைப்பது, எந்தப் பக்கம் பாறை பறக்கும் என்பதெல்லாம் உன் கையில் இருக்கும். உன்மேல் எனக்கு வருவது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், செய். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருநாள், பொத்தானை வேறு யாரையாவது அழுத்தச் சொல்லிவிட்டு, வெடிக்கு முன்னால் ஊருக்குள் போ. ஏதாவது ஒரு ஓட்டு வீட்டில் தண்ணீர் கேள், கொடுப்பார்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்து சங்கு ஊதுவதைக் கேள். வெடிக்கும் வரை எழுந்திருக்காதே. உள்ளே போவதற்கு முன்னால் உன் ஹெல்மெட்டைக் கழற்றி ஜீப்பிலேயே வைத்துவிடு. அந்த வீட்டில் யாரிடமும் அது கிடையாது.

அம்மா